அரச ஊழியர் பயண விதிகள் (இலங்கை)

அரசாங்கக் கடமைக்காகத் தம் பணியிடத்தை விட்டு வெளியே செல்லும் அலுவலர் யாருடைய அனுமதியுடன், எந்த வழியால், எந்த வாகனத்தில் போகலாம், செலவில் எதை மீளப் பெறலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடுகளே அரச ஊழியர் பயண விதிகள். இலங்கையில் இவற்றின் மூல நூல் தாபனக் கோவை. அதன் 14ஆம் அத்தியாயம் பயணச் செலவுகளுக்கு உரியது. விடுமுறைக்கான புகையிரத ஆணைச்சீட்டும் வெளிநாட்டுப் பயணமும் வேறு அத்தியாயங்களில் வருகின்றன.

தோற்றம்

பிரித்தானியர் காலத்தில் நிருவாகம் என்பதே பெரும்பாலும் பயணமாக இருந்தது. அரசாங்க அதிபரும் உதவி அரசாங்க அதிபரும் ஊர் ஊராகச் சென்று குளம், வீதி, வழக்கு, வரி ஆகியவற்றை நேரில் பார்த்தனர். ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில், 1808இல், இவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற நடைமுறை வந்தது. எங்கே போனார், என்ன கண்டார், என்ன செய்தார் என்பதை மேலிடத்துக்கு அறிவிக்கும் பதிவு அது. பயணத்துக்குக் கணக்குச் சொல்லும் கடமை இவ்வாறு எழுத்து வடிவம் பெற்றது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்வின் நாட்குறிப்புகள் பின்னர் நூலாக வெளிவந்தன.

புத்தளம் பகுதிக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் சுதேசிகளுள் ஒருவர். 1834இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை இட விவரத் தொகுப்பு, நாட்டின் ஊர்களை அகரவரிசையில் அறிமுகப்படுத்தியது. ஓர் ஊர் எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்ற அறிவு நிருவாகத்துக்கு எவ்வளவு தேவை என்பதை உணர்ந்த அரச ஊழியர் அவர்.

பாதைகள் மாறியபோது விதிகளும் மாறின. கால்வாய்ப் படகு, குதிரை, மாட்டுவண்டி என்ற வரிசையில் புகையிரதம் சேர்ந்தது. கொழும்பிலிருந்து வடமேற்குக் கரையோரமாக நீண்ட பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. பின்னர் பேருந்தும் சொந்த மோட்டார் வாகனமும் வந்தன. வாகனத்துக்கு வாகனம் செலவு வேறுபட்டதால், ஒவ்வொன்றுக்கும் தனி விகிதமும் தனி நிபந்தனையும் வேண்டியிருந்தன.

இன்றைய சட்டக்கட்டு

அரச அலுவலர் தொடர்பான கொள்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அரசியலமைப்பின் 55ஆம் உறுப்புரை அமைச்சரவைக்கு அளித்துள்ளது. தாபனக் கோவையின் முதல் தொகுதி 1985ஆம் ஆண்டுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒழுக்காற்று விதிகள் அடங்கிய இரண்டாம் தொகுதி 1999இல் நடைமுறைக்கு வந்தது. விகிதங்களும் விலக்குகளும் பொது நிருவாகச் சுற்றறிக்கைகளால் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பணம் கைக்கு வரும் வழியை நிதிப் பிரமாணங்கள் (1992) கட்டுப்படுத்துகின்றன. செலவுக்கு அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், உறுதிச்சீட்டை அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு என்ற நான்கு படிகளை அவை வேறுபடுத்துகின்றன.

இந்த ஏற்பாடுகளின் அடிப்படைக் கொள்கை ஒன்றுதான்: ஊழியர் நட்டப்படவும் கூடாது, ஆதாயம் பெறவும் கூடாது. அயல்நாட்டிலும் இதே கொள்கையைக் காணலாம்: இந்தியாவில் 1922 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அடிப்படை விதிகளின் 44ஆம் விதி, ஈட்டுப்படி எதுவும் மொத்தத்தில் பெறுபவருக்கு இலாபமாக அமையக் கூடாது என்கிறது. பயணப்படி அத்தகைய ஈட்டுப்படிகளுள் ஒன்று.

வாசிக்கும் முறை

பயண விதியை வாசிப்பவர் முதலில் வரைவிலக்கணங்களைப் பார்க்க வேண்டும். 'கடமை நிலையம்' எது என்று தெரியாமல் பயணம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து அலுவலகம் வருவது கடமைப் பயணம் ஆகாது. கடமை நிலையத்திலிருந்து வெளிக்களம் செல்வதே ஆகும். அடுத்து முன் அனுமதி, பிறகு பாதையும் வாகனமும், அதன் பின் விகிதம். விகிதத்தைப் பார்க்கும்போது கோவையில் அச்சான தொகையோடு நின்றுவிடாமல், இறுதியாக வெளியான சுற்றறிக்கை வரை செல்ல வேண்டும். ஐயம் எழுந்தால் அலுவலகத் தலைவர் வழியாகத் தாபனப் பணிப்பாளர் நாயகத்திடம் விளக்கம் கேட்பதே முறை.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள கண்டக்குழியை எடுத்துக்கொண்டால், இந்த வாசிப்பு ஏன் முக்கியம் என்பது விளங்கும். குடாநாட்டுக்குக் கிழக்கே புத்தளம் களப்பு. வரைபடத்தில் எதிர்க்கரை அருகில் தெரிந்தாலும், தரைவழியாகச் செல்பவர் தெற்கே பாலாவி வரை இறங்கித்தான் புத்தளம் மாவட்டச் செயலகத்தை அடைய முடியும். குடாநாட்டுக்குள் புகையிரதப் பாதை இல்லை. வடக்கே பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்குக் கடமையாகச் செல்லும் அலுவலருக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அன்றே திரும்புவதும் உறுதியில்லை. பயண விதியில் வரும் 'மிகக் குறுகிய பாதை' என்ற சொல்லை வரைபடக் கோடாகப் படித்தால் இத்தகைய அலுவலருக்கு அநீதி நேரும். நடைமுறையில் செல்லக்கூடிய குறுகிய பாதை என்று படித்தால் விதியின் நோக்கம் நிறைவேறும். படகு ஏன் தேவைப்பட்டது, இரவு ஏன் தங்க நேர்ந்தது என்பதை ஊழியர் கோரிக்கையிலேயே எழுதிவைப்பது கணக்காய்வின்போது அவருக்கும் அத்தாட்சிப்படுத்துபவருக்கும் பாதுகாப்பு.

அண்மைக் காலம்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி இவ்விதிகளைக் கடுமையாகச் சோதித்தது. அலுவலகங்களுக்கு அழைக்கப்படும் ஊழியர் தொகை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு சூனில் வெளியான 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சேவை மூப்புக்குப் பாதிப்பின்றி 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியருக்கு வழிவிட்டது. எனவே, ஒரு பயண விதியை அது பிறந்த சூழலோடும் திகதியோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மதிப்பீடு

நேர்மையான ஊழியரை நம்புவதும் பொதுப்பணத்தைக் காப்பதும் ஒரே விதியின் இரு கடமைகள். கோவையும் அதன் திருத்தங்களும் ஒரே இடத்தில், தெளிந்த தமிழில், கிராம உத்தியோகத்தர் வரை கிடைக்கும்போதே அவ்விரு கடமைகளும் நிறைவேறும். அவ்வாறு கிடைக்கச் செய்வது, 1987இல் தமிழை அரசகரும மொழியாக ஏற்ற நாட்டின் பொறுப்பாகும்.