மெக்சிகோ சிட்டி 1985: இளகாத களிமண்

இன்னைக்கு எபிசோட் மண்ணோட விறைப்பைப் பற்றி.

ஸ்டீலுக்கு விறைப்பு என்பது சாதாரண சுமையில் ஒரே எண். மண் அப்படி இல்லை. லேசாக அசைந்தால் கெட்டியாக நிற்கும். அதிகமாக உருக்குலைந்தால் இளகிவிடும். அந்த உருக்குலைவின் அளவைத்தான் திரிபு என்கிறோம். 0.1 சதவீதத் திரிபிலேயே மணல் தன் விறைப்பில் பாதிக்கு மேல் இழந்துவிடும்.

அப்போ நிலநடுக்கத்தை எப்படிக் கணக்கு போடுறது? விறைப்பு தெரிந்தால்தான் திரிபு தெரியும். திரிபு தெரிந்தால்தான் விறைப்பு தெரியும். பெர்க்லியில் ஹாரி சீட், இட்ரிஸ் குழு கண்ட வழி, நம்ம கோடர்களுக்குப் பழக்கமான லூப்தான். ஒரு விறைப்பை ஊகிச்சு, திரிபைக் கணக்கிட்டு, ஆய்வக வளைகோட்டைப் பார்த்து விறைப்பைத் திருத்தி, இரண்டும் ஒத்துப்போகும் வரை ஓட்டணும். 1972-இல் வந்த 'ஷேக்' புரோகிராம் கிடையான மண் அடுக்குகளுக்கு இதைச் செய்தது. 1973-இல் 'குவாட்-4' இதையே ஃபைனைட் எலிமென்ட் முறைக்குக் கொண்டுவந்தது: அணை மாதிரி வடிவங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விறைப்பு.

இதிலிருந்து ஒரு எதிர்பார்ப்பும் வந்தது. பலமாகக் குலுங்கினால் மென்மையான மண் இளகும், ஆற்றலை விழுங்கும், மேலே வரும் அதிர்வு ஓரளவு அடங்கும்.

1985 செப்டம்பர் 19. நிலநடுக்க மையம் பசிபிக் கரையில். மெக்சிகோ சிட்டி அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல். எரிமலைப் பாறை மேல் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 3 சதவீதம்தான். பழைய ஏரிப் படுகைக் களிமண் மேல் இருந்த போக்குவரத்து அமைச்சக வளாகத்திலோ சுமார் 17 சதவீதம்!

காரணம், அந்தக் களிமண் இளகவே இல்லை. மணல் பாதி விறைப்பை இழக்கும் திரிபிலும் அது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஆற்றலை அதிகம் விழுங்காமல், ஜெல்லி மாதிரி 2 நொடிக்கு ஒருமுறை ஆடியது. அந்தத் தாளத்துக்கு மாட்டிக்கொண்டவை நடுத்தர உயரக் கட்டடங்கள், முக்கியமா 6 முதல் 15 மாடி வரை. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

1991-இல் வூசெடிச், டோப்ரி இருவரும் பல ஆய்வக முடிவுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்: களிமண்ணின் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் கூடக் கூட, அது இளகத் தொடங்கும் திரிபும் கூடுகிறது. மெக்சிகோ களிமண்ணுக்கு இந்த எண் மிக அதிகம்.

ஆக, 1985-க்குப் பிறகும் லூப் அதேதான். மாறியது அதற்குள் போகும் வளைகோடு. இன்னைக்கு லட்சக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து சிமுலேஷன் ஓட்டலாம். ஆனா அந்த இடத்து மண்ணைத் தோண்டி எடுத்துச் சோதிக்காமல் வேற ஊர் வளைகோட்டைப் போட்டால், லட்சம் துண்டுக்கும் தப்பான விடைதான் வரும்.