சந்து, ஜலசந்தி, இடுக்கு

பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்தொன்றில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு பக்கம் 'குட்டி யானை' வண்டி, எதிரே வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. இரண்டும் முட்டிக்கொண்டால் ஸ்கூட்டர், பூக்கூடை, பள்ளிப்பிள்ளைகள் எல்லாம் நின்றுவிடும். "அண்ணா, ஒரு சாண் ஒதுக்குங்கண்ணா" என்று தமிழில் குரல் எழும். பதில் உருதுவில் வரும். அந்த ஒரு சாண் கிடைத்ததும் தெருவே நகரும்.

நமக்கு இது சந்து, கன்னடத்தில் சந்தி. நாம் சந்துபொந்து என்பதை அவர்கள் சந்திகொந்தி என்பார்கள். வடமொழிச் 'சந்தி'யோடு இதை இணைப்பது அகராதி வழக்கு. எலும்பு பொருந்தும் மூட்டும் சந்துதான், இடுப்பும் சந்துதான். பகைவரைச் சேர்த்துவைப்பதைக்கூடச் சந்து செய்தல் என்றார்கள். இதே சொல்தான் கடலுக்கும் போயிற்று. பாக் ஜலசந்தி என்று படித்த தலைமுறை என்னுடையது. பிறகு நீரிணை வந்தது; அதிலும் 'இணை' இருக்கிறது.

இன்று ஹோர்முஸ் நீரிணை பற்றிப் பேச்சு வந்தாலே 'சோக் பாயிண்ட்' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. குரல்வளையை நெரிப்பதிலிருந்து பிறந்த சொல் அது. ஹோர்முஸின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலம். 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் அவ்வழியே போனது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியபோது, ஆறு நாள் நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன.

இந்தச் 'சோக் பாயிண்ட்'டை 'நெரிப்புப் புள்ளி' என்று பெயர்த்தால் யாருக்கு விளங்கும்? நம்மிடம் சொல் இல்லாமலா இருக்கிறது? மலைக்குக் கணவாய் உண்டு. கன்னடக் கணிவெயும் தெலுங்குக் கனுமவும் அதன் உறவு. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்று பெயர். 'இற' என்றால் பழந்தமிழில் கடந்துபோதல். யானை கடந்த வழி என்றே நான் கொள்கிறேன். ஒல்லாந்தர் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள். 1991-லும் 2000-லும் அந்த ஒடுக்கத்துக்காகப் பெரும்போர்கள் நடந்தன. பெயரோ இன்னும் யானையின் நடையைத்தான் சொல்கிறது.

ஆனால் சந்தும் இணையும் இறவும் சேர்வதையும் கடப்பதையும் சொல்கின்றன, பிடியைச் சொல்வதில்லை. அதற்கு என் தேர்வு இடுக்கு. குறுகிய இடமும் இடுக்கு, நெருக்கிப் பிடிப்பதும் இடுக்குவதுதான். பழுத்த இரும்பைக் கொல்லர் பற்றும் கருவி இடுக்கி. கேரளத்து இடுக்கியும் மலையிடுக்கால் பெயர் பெற்ற ஊர். குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே அணை கட்டிப் பெரியாற்றை நிறுத்தியிருக்கிறார்கள். ஒடுக்கமும் பிடியும் ஒரே சொல்லில் அடங்கியிருக்க, வேறு சொல் தேடுவானேன்?

செய்தி எழுதும் நண்பர்களே, அடுத்த முறை 'ஹோர்முஸ் இடுக்கு' என்று எழுதிப் பாருங்கள். சிவாஜிநகர்த் தள்ளுவண்டிக்காரருக்கும் விளங்கும்.