நகரா விசையும் இரட்டைச் சுழிக் கொம்பும்

பழைய பொருள்களைத் தேடித் திரிவோர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். நாணயம் சேர்ப்போரையும் அஞ்சல் தலை சேர்ப்போரையும் நாம் நன்கறிவோம். அண்மைக் காலத்தில் அவ்வரிசையில் ஒரு புதிய கூட்டம் சேர்ந்துள்ளது. பழைய கணினிகளோடு வந்த விசைப்பலகைகளை, உலகின் எந்த மூலையில் விற்பனைக்கு வந்தாலும், இணைய ஏலங்களில் விலை கேட்டு வாங்குவோர் அவர்கள். 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈபே என்னும் இணைய ஏலக்கூடம் தோன்றிய பின் இத்தேடல் எளிதாயிற்று. ஐ.பி.எம். நிறுவனம் 1980களில் செய்த 'மாடல் எம்' என்னும் பலகைக்கு அவர்களிடையே தனி மதிப்பு உண்டு. அதில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் இருக்கிறது. விரல் அழுத்தும்போது வில் சட்டென மடிந்து ஒலிக்கிறது. எழுத்து பதிந்தது என்பதைக் கண்ணுக்கு முன்னரே விரலும் செவியும் உணர்ந்துகொள்கின்றன. இன்றைய மலிவான பலகைகளில் ரப்பர்க் குமிழ் செய்யும் வேலையை அன்று எஃகு செய்தது என்பதே இவர்கள் தேடலின் காரணம்.

இதனை வீண் ஆசை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நன்கு செய்யப்பட்ட கருவியை மதிப்பது உழைப்பை மதிப்பதேயாகும். ஆனால் தமிழராகிய நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் மொழிக்கென்று அமைந்த பழைய விசைப்பலகை எது? அது எங்கே இருக்கிறது? அதை யார் தேடுகிறார்கள்?

அதற்கு விடை தமிழ்த் தட்டச்சுப் பொறி. அலுவலக மேசைகளிலும் பயிற்சி நிலையங்களிலும் ஓயாமல் ஒலித்த அந்தக் கனத்த இரும்புப் பொறியின் முகப்பில் அமைந்ததே நம் முதல் விசைப்பலகை. அது பிறந்த கதை எளியதன்று. மேலைநாட்டில் 1874 ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி 26 எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். பொறியில் இருப்பவை 40க்குச் சற்று மேற்பட்ட விசைகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு வடிவங்களே அமையும். இந்தச் சிறு இடத்திற்குள் தமிழ் முழுவதையும் அடக்க வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா. பிழைப்புத் தேடி மலேயாவுக்கும் பின்னர்ச் சிங்கப்பூருக்கும் சென்று ஓர் ஆங்கில வணிக நிறுவனத்தில் பணியாற்றிய அவர், அலுவலகத்தில் கண்ட ஆங்கிலப் பொறியைப் போலத் தம் தாய்மொழிக்கும் ஒன்று வேண்டுமென உறுதி கொண்டார். எழுத்துகளைத் துணித்துப் பார்த்தார். 'கோ' என்பதற்குத் தனி வடிவம் தேவையில்லை; கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுகளில் அது உருவாகிவிடும். உகர ஊகாரம் ஏறிய எழுத்துகள் பல அவ்வாறு பிரியாமல் உருமாறி நிற்பதால் அவற்றுக்கு மட்டும் தனி இடம் வேண்டும். எஞ்சியது, எழுத்தின் தலைமேல் அமரும் புள்ளியும் மேல்விலங்கும். பொறியின் இயல்போ ஒரு விசையைத் தட்டியதும் தாள் ஓர் எழுத்திடம் நகர்ந்துவிடுவது. நகர்ந்த பின் புள்ளியை எப்படித் தலைமேல் வைப்பது?

இவ்விடத்தில் முத்தையா கையாண்டதே 'நகரா விசை'. அதைத் தட்டினால் குறி தாளில் பதியும். தாள் மட்டும் நகராது. பின்னர் மெய்யின் விசையைத் தட்டினால் அது புள்ளியின் கீழ் வந்து அமரும். அப்போதுதான் தாள் நகரும். ஆகவே 'க்' என்பதைக் கையால் எழுதும்போது ககரம் முதலில், புள்ளி பின்னர். பொறியில் புள்ளி முதலில், ககரம் பின்னர். தமிழ்த் தட்டச்சர்கள் அனைவரும் இந்த மாறிய வரிசையை விரலில் ஏற்றிக்கொண்டவர்களே. முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த செய்டல் நௌமன் நிறுவனம் முத்தையாவின் அமைப்பைப் பொறியாக வடித்துத் தந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் சிங்கப்பூரில் எண்ணியது ஜெர்மனியில் உருவாகித் தமிழகத்து மேசைக்கு வந்து சேர்ந்தது.

இப்பலகையில் நம் திருச்சபை வரலாற்றின் தடம் ஒன்றும் பதிந்திருக்கிறது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சிடும் பணி இயேசு சபையினரிடமிருந்தே தொடங்கிற்று. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்களாக அச்சேறியது. ஆனால் அந்நாளைய எழுத்தில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் தெளிவாகப் பிரித்துக் காட்டப்படவில்லை. குறிலுக்குப் புள்ளியிடும் பழைய முறை ஓலையில் வழக்கொழிந்துவிட, படிப்பவர் இடம் நோக்கி ஓசையை உணர வேண்டியிருந்தது. 1680 ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, திருச்சிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் தமிழ்ப்பணி ஆற்றிய வீரமாமுனிவர் இக்குறையை நீக்கினார். நெடிலுக்கென்று கொம்பின் மேற்சுழியை வளைத்து 'ே' என்னும் இரட்டைச் சுழிக் கொம்பை வழங்கினார்.

அவர் 1747 ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வளைத்த கொம்போ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு விசையாயிற்று. பாலக்கரையில் ஒருவர் 'தேவாலயம்' என்று தட்டினாலும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் ஒருவர் 'தேவஸ்தானம்' என்று தட்டினாலும், இருவரும் முதலில் தொட வேண்டியது அந்தக் கொம்பைத்தான். தகரம் அதன் பின்னரே வரும். 'இயேசு' என்னும் திருப்பெயரிலும் இகரத்தை அடுத்து விரல் நாடுவது அதே விசையையே. ஆற்றின் இரு கரைக்கும் பொதுவான இக்கொடையை யார் தந்தது என்று கேட்காமலே நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம். நற்செயல்கள் பலவற்றின் இயல்பும் அதுவே.

இனித் திருச்சிராப்பள்ளியை நோக்குவோம். தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகமாக விளங்கியது இந்நகர். பொன்மலையில் பணிமனை, நகரில் நீதிமன்றங்கள், ஆட்சியர் அலுவலகம், கல்லூரிகள், பின்னர்த் திருவெறும்பூரில் பெருந்தொழிற்சாலை என எழுத்தர் வேலைக்குக் குறைவில்லாத ஊர் இது. தூய வளனார் தொழிற்பள்ளி அச்சகம் கத்தோலிக்க நூல்களை அச்சிட்டு வழங்கிய ஊரும் இதுவே. 1956 ஆம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின், அரசுக் கோப்புகள் தமிழில் எழுதப்பட வேண்டுமாயின் தமிழ்த் தட்டச்சர் வேண்டும் என்னும் நிலை பிறந்தது. சட்டம் ஏட்டில் நில்லாமல் அலுவலகத்தில் நடைமுறையானதற்கு இப்பொறியும் ஒரு காரணம்.

ஊர்தோறும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் பெருகின. பள்ளியிறுதி முடித்த பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் அமர்ந்து, 'ய, ள, ன, க' என இடக்கை விரல்களை வரிசையாகப் பழக்கினர். 'லோயர்', 'ஹையர்' என்று மக்கள் வழங்கிய இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறிய சான்றிதழ், கல்லூரிக்குச் செல்ல வசதியில்லாத குடும்பங்களுக்கு ஒரு வாயிலாயிற்று. குறிப்பாகப் பெண்கள் பலர் வீட்டு வாசலைக் கடந்து ஊதியம் பெறும் மேசைக்கு வந்தது இந்த வழியேதான். ஆட்சியர் அலுவலக வாசலில் மர நிழலில் அமர்ந்து மனுக்களைத் தட்டித் தந்தவர்களையும் நாம் மறத்தற்கில்லை. எழுதத் தெரியாத ஏழையின் முறையீடு அதிகாரியின் கண்ணுக்குச் சென்றது அவர்களின் விரல் வழியாக.

காலம் மாறிற்று. 1978 ஆம் ஆண்டு தமிழக அரசு, பெரியார் வற்புறுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் விடைபெற்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகக் கணினிக்குத் 'தமிழ் 99' என்னும் புதிய பலகை வகுக்கப்பட்டது. அதில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'தே' எழுதத் தகரம் முதலில், ஏகாரம் பின்னர். கண்ணுக்குத் தெரியும் வரிசை போய், ஒலியின் வரிசை வந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, நம் தூய வளனார் கல்லூரியில் 1950களின் தொடக்கத்தில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, கணினியைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்க்கப் பல்லாண்டு எழுதினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1955 முதல் தட்டச்சுப் பொறி செய்து வந்த கோத்ரெஜ் நிறுவனம் 2009 ஆம் ஆண்டு அதனை நிறுத்தியது; 2011 ஏப்ரலில் அச்செய்தி உலக நாளேடுகளில் இடம்பெற்றது.

அதன் பின் அப்பொறிகள் எங்கே சென்றன? பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. அங்கே அவற்றின் மதிப்பு எடையால் கணிக்கப்பட்டது. சில இணைய ஏலத்துக்கு வந்தன. அங்கே மதிப்பு தோற்றத்தால் கணிக்கப்படுகிறது. வரவேற்பறையில் அலங்காரமாக வைக்க வாங்குவோருக்கு அதிலுள்ள எழுத்து தமிழா, அரபியா என்பது பெரிதன்று. எடையாலும் தோற்றத்தாலும் அளக்க முடியாத ஒன்று அதில் இருப்பதை இரு சாராரும் காண்பதில்லை.

ஆகவே, தேடுவோர் தேடட்டும். ஆயின் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்து தேடட்டும். பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளைச் செருகிப் புள்ளி விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். தாள் நகராமல் நிற்கிறதா? அடுத்துத் தட்டும் மெய், புள்ளியின் நேர்கீழே வந்து அமர்கிறதா? இரட்டைச் சுழிக் கொம்பின் சுழி தேயாமல் பதிகிறதா? சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து வடிவம் ஏதேனும் பலகையில் உளதா? இவற்றுக்கு விடை தருகின்ற பொறியே வரலாறு பேசும் பொறி. இக்கேள்விகளைக் கேளாமல் வாங்குகிறவர் இரும்பையே வாங்குகிறார்.

எனினும் ஏலத்தில் எவ்வளவு விலை கூறினாலும் கிட்டாத ஒன்று உண்டு. அது அப்பொறியைக் கையாண்டவரின் அறிவு. எந்த விசையை எந்த விரல் தொட வேண்டும், சிக்கிக்கொண்ட அச்சுக் கம்பியை வளையாமல் எப்படி விடுவிப்பது, நாடா உலர்ந்தால் என்ன செய்வது, புள்ளி விலகினால் எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்பவையெல்லாம் நூலில் எழுதப்படாமல் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்தவை. பொறி துருப்பிடித்தால் தேய்த்து மீட்கலாம். கற்றுத்தந்த ஆசிரியரும் பழுது நீக்கிய தொழிலாளியும் மறைந்துவிட்டால் அவ்வறிவை எந்தச் சந்தையும் மீட்டுத் தராது. அவர்களில் பலர் இன்று முதியோர். நம் பங்குகளில், ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

நற்செய்தியில் வரும் அந்தப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். காணாமற்போன திராக்மாவைத் தேட அவள் சந்தைக்குச் செல்லவில்லை. விளக்கேற்றினாள், தன் வீட்டைப் பெருக்கினாள், அங்கேயே கண்டெடுத்தாள். நாம் இழந்துகொண்டிருப்பதும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பங்கு அலுவலகத்தின் மூலையில், துறவற இல்லத்தின் பரணில், மூடிய பயிற்சி நிலையத்தின் பின்னறையில் உறைமூடிக் கிடக்கும் பொறிகளைக் கணக்கெடுக்கலாம். மறைவட்டத்துக்கு ஒன்றேனும் இயங்கும் நிலையில் பேணலாம். அதைவிட முதன்மையாக, தட்டச்சு கற்பித்தவர்களையும் கற்று வாழ்ந்தவர்களையும் நம் இளையோர் சந்தித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுதும் செவிசாய்க்கும் மனமும் போதும்.

தட்டச்சுப் பொறியில் எல்லா விசைகளும் தாளை முன்னே நகர்த்துகின்றன. நகரா விசை மட்டும் தன் குறியைப் பதித்துவிட்டு, பின்வரும் எழுத்துக்காக இடத்தைக் காத்து நிற்கிறது. அது இல்லையேல் ஒரு மெய்யும் முழுமை பெறாது. விரைந்து செல்லும் இக்காலத்தில் நமக்கு முன் வந்தவர்களின் குறியைப் பின்வருவோருக்காகக் காத்து நிற்பவர் சிலரேனும் வேண்டும். அப்பணியை ஏலத்தில் விலை கூறுவோரிடம் விட்டுவிடாமல் நாமே ஏற்போமாக.