கொல்லமாண்டும் சூரிய சங்கிரமமும்

வீரகேரளம்புதூர் அமைந்த திருநெல்வேலிச் சீமையிற் கொல்லமாண்டு நெடுங்காலம் வழங்கிற்று. கி.பி. 825-இல் தொடங்கிய அவ்வாண்டு, சூரியன் சிங்கவிராசியிற் புகும் ஆவணியிற் பிறக்கும். சூரியன் ஓரிராசியைக் கடக்குங் காலமே மாதமாம்.

இராசிப் பிரவேசமாகிய சங்கிரமம் அத்தமனத்திற்கு முன் நிகழின் தமிழ்நாட்டில் அன்றே மாதப்பிறப்பு. மலையாளத்திலோ, பகலை ஐந்து கூறாக்கி மூன்று கழியுமுன் நிகழ்தல் வேண்டும், இன்றேல் மறுநாளே. ஆதலின் மாலைச் சங்கிரமத்தில், குற்றால மலைக்கு இப்பாலும் அப்பாலும் தேதி ஒருநாள் வேறுபடும். வானம் என்னவோ ஒன்றுதான்!

ஆரியபடர் கொண்ட ஆண்டளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. இது மெய்யளவினும் 3 நிமிஷத்திற்குச் சற்றே மிகுதி. ஏறத்தாழ 430 ஆண்டில் ஒரு நாளாகத் திரளும். வாக்கியமுந் திருக்கணிதமும் மாறுபடுதற்கு இதுவுமொரு காரணம். மாதப்பிறப்புத் தருப்பணஞ் செய்வார் எந்நாளைக் கொள்வதென்று மயங்குவதும் இதனாலேயாம்.