படிகத்தின் நிலை மின்னழுத்த ஆற்றல்: கூட்டும் வரிசை பற்றிய ஓர் ஆய்வு

புள்ளி மின்துகள்கள் அடங்கிய அமைப்பின் நிலை மின்னழுத்த ஆற்றலைக் காணும் விதி எளியது. ஒவ்வோர் இணையிலும் மின்னூட்டங்களின் பெருக்கற்பலனை இடைத்தொலைவால் வகுத்து, கூலூம் மாறிலியால் பெருக்கி, எல்லா இணைகளுக்கும் கூட்டினால் போதும். மூன்று துகள்களுக்கு மூன்று இணைகள், நான்குக்கு ஆறு. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை மாறாது. துகள்கள் எண்ணிலடங்காதபோது இந்த உறுதி குலைகிறது. அப்போது வரிசையைத் தேர்வது வெறும் கணித வசதி அன்று; அமைப்பின் எல்லையில் எவ்வளவு மின்னூட்டம் மிஞ்சலாம் என்னும் இயற்பியல் முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோடியம் குளோரைடு படிகம் இதற்குத் தக்க சான்று. ஒரு சோடியம் அயனியைச் சுற்றி 0.282 நானோமீட்டர் தொலைவில் ஆறு குளோரைடு அயனிகள் உள்ளன. அதன் √2 மடங்குத் தொலைவில் பன்னிரண்டு சோடியம், √3 மடங்கில் எட்டுக் குளோரைடு. ஆகவே ஈர்ப்பின் அளவைத் தரும் தொடர் 6 − 12/√2 + 8/√3 − 6/√4 + 24/√5 − … என நீள்கிறது. எர்வின் மேடலுங் 1918இல் ஆராய்ந்த இத்தொகையின் மதிப்பு 1.7476, அவர் பெயராலேயே அது மேடலுங் மாறிலி எனப்படுகிறது.

ஆனால் கோளக் கூடு கூடாகக் கூட்டினால் அம்மதிப்பு கிட்டுவதில்லை. பகுதித் தொகைகள் 6, −2.49, 2.13, −0.87, 9.87, 0.07 என அலைகின்றன. கோளத்துக்குள் மிஞ்சும் மின்னூட்டத்தை எண்ணினால் காரணம் விளங்கும். மைய அயனியையும் சேர்த்து அது −5, +7, −1, +5, −19, +5 என ஊசலாடுகிறது. இந்த மிகை ஆரத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் வளர்வதால், மையத்தில் அது தரும் மின்னழுத்தம் மறைவதே இல்லை.

கனசதுரமாக வளர்த்தால் நிலைமை வேறு. மைய அயனியைச் சூழ்ந்த எந்தக் கனசதுரத்திலும் மிகை மின்னூட்டம் +1 அல்லது −1 மட்டுமே. பக்கம் நீள நீள அதன் விளைவு தேய்கிறது. எவ்ஜென் என்னும் ஆய்வாளர் 1932இல் இன்னும் ஒரு படி சென்றார். முகத்திலுள்ள அயனியில் பாதி, விளிம்பில் கால், மூலையில் எட்டில் ஒரு பங்கு என எடுத்துக் கனசதுரத்தை முழுமையாக நடுநிலையாக்கினார். முதல் கனசதுரம் 1.46, இரண்டாவது 1.75 தந்துவிடுகின்றன.

கனசதுரக் கூட்டல் ஒருங்குவதைக் கணிதவியலர் 1985இல் நிறுவிவிட்டதால், இது தூய கணிதச் சிக்கலே என்று ஒருவர் மறுக்கலாம். அந்த நிறுவல் தொடர் ஒருங்குவதை உறுதிசெய்கிறது; எந்த வரிசை உண்மைப் படிகத்துக்குரியது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது மின்நடுநிலையே.

விடையைச் சோதனையோடு ஒப்பிடலாம். ஒவ்வோர் அயனியின் ஆற்றலையும் கூட்டும்போது இணைகள் இருமுறை எண்ணப்படுவதால் பாதியாக்க வேண்டும். அவ்வாறு செய்தால் ஓர் அயனி இணைக்கு −8.9 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. சோதனை காட்டும் பிணைப்பு ஏறத்தாழ 8.2. மிக அருகில் அயனிகள் ஒன்றையொன்று விலக்குவதே இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணம்.

முக்கோண முனைகளில் மூன்று மின்துகள்களை வைத்துக் கணக்கிடுவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. முடிவிலா அமைப்பில் எதையும் கூட்டத் தொடங்குமுன் மிகை மின்னூட்டத்தை எண்ணிப் பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும்.