காலக் கருவி என்னும் கேள்வி: திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தை முன்வைத்து

பத்மநாபபுரம் அரண்மனைச் சரசுவதி ஆண்டுதோறும் யானைமேல் புறப்படுகிறாள். உடன் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருகிறார்கள். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலம் திருவனந்தபுரத்தை அடைகிறது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு அது ஒரு மாநில எல்லையையும் கடக்கிறது. சேருமிடம் பத்மநாபசுவாமி கோயிலருகே உள்ள நவராத்திரி மண்டபம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் (1813–1846) கிருதிகள் நாளுக்கு ஒன்றாக ஒன்பது மாலை அங்கே முதன்மையாகப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று ராகமும் வரையறுக்கப்பட்டது.

சிற்றறை இசையைப் பழங்காலக் கருவிகளில் வாசிப்பது பற்றி ஐரோப்பாவில் நடந்த விவாதத்தை இம்மண்டபத்தில் வைத்துப் பார்க்கலாம். 1953இல் ஆர்னோன்கூர் வியன்னாவில் தம் குழுவைத் தொடங்கினார். அதன்பின் ஹைடன், மோட்சார்ட் நால்வர் இசையையும் குடல் தந்தி, பழைய வில், 430 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சுருதி ஆகியவற்றோடு வாசிக்கும் குழுக்கள் எழுந்தன. அவர்களுக்குக் கருவி கிடைத்தது. ஆனால் அந்த இசை பிறந்த கூடமும் அதைக் கேட்ட சமூகச் சடங்கும் கிடைக்கவில்லை. நவராத்திரி மண்டபத்தின் நிலை இதற்கு நேர் எதிர். கூடம் இருக்கிறது, முறை இருக்கிறது, கருவிதான் மாறிப்போயிற்று.

கூடத்தின் ஒலியமைப்பைக் கவனித்தே கட்டியிருக்கிறார்கள். ஒலியைச் சீராக்க விதானத்திலிருந்து மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடிய பிறகே கச்சேரி தொடங்கும், கைதட்டல் கிடையாது. இவ்வளவு தொடர்ச்சியுள்ள கேட்பு முறையை ஐரோப்பியக் குழுக்கள் பொறாமையோடுதான் பார்க்கும்.

வயலினின் கதை வேறு. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அவைக்குக் கொண்டுவந்தார். 1834இல் சுவாதித் திருநாள் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. (அதை வாசிப்புக் கருவியாகக் காட்டிலும் மரியாதைச் சின்னமாகக் கொள்ளவே எனக்குத் தோன்றுகிறது.) பீத்தோவன் இறந்து ஏழே ஆண்டு ஆன காலம் அது. அவை கண்ட வயலின்களில் பூட்டியிருந்தவை குடல் தந்திகள்தாம். எஃகுத் தந்தி பரவியது இருபதாம் நூற்றாண்டில். குடல் தந்தியில் இழுவிசை குறைவு. வில் பட்டதும் ஒலி சற்றுத் தயங்கியே எழும், எஃகின் கூர்மையும் உரப்பும் அதற்கு வராது. சிறு கூடத்தில் குரலின் பின்னே நிழலாகத் தொடர இந்தக் குணம் பொருந்தும். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வேரூன்றியதற்கு அதன் கமக நெகிழ்ச்சியைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த மென்மைக்கும் அதில் பங்குண்டு என்பது என் வாதம்.

ஐரோப்பிய அளவுகோல் இங்கே எல்லா இடத்திலும் செல்லாது. வயலின் கலைஞர் ஷ்போர் 1820 வாக்கில் கொண்டுவந்த மோவாய்த் தாங்கி, தரையில் அமர்ந்து சுருளைக் காலில் ஊன்றுபவருக்குத் தேவையே இல்லை. பாடுபவரின் குரலையொட்டிச் சுருதி அமைவதால் 430, 440 என்ற சண்டையும் இங்கே எழாது.

அந்நாளைய இசையை மீட்பதற்குப் பெரிய தடை மெட்டில் இருக்கிறது. முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாசய்யரும் இருபதாம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் கிருதிகள் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்தார்கள். ஆண்டுதோறும் பாடப்பட்ட நவராத்திரிக் கிருதிகளுக்குத் தொடர்ச்சி அதிகம் என்றாலும், இன்று கேட்பது மன்னர் கேட்டதே என்று யாரும் சாதிக்க முடியாது. பழமையின் பெயரால் வாசிப்பவர்கள் உண்மையில் தங்கள் காலத்து ரசனையைத்தான் வாசிக்கிறார்கள் என்று இசையியலாளர் ரிச்சர்ட் டருஸ்கின் ஐரோப்பியரைச் சாடினார். நமக்கும் அது பொருந்தும்.

அப்படியானால் மரபில் எது சாரம், எது தற்செயல்? மண்டபமே 2006இல் ஒரு விடை தந்தது. பெண்கள் அங்கே பாடக்கூடாதென்று இருந்த வழக்கத்தை மீறி முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள் (1924–2021). ஊர்வலம் கடந்துசெல்லும் அதே எல்லைக் கிராமத்தில் பிறந்தவர், சுவாதித் திருநாள் இசைப்பள்ளியின் முதல் மாணவி. அவசரமில்லாத சௌக்க காலப் பாடல் அவரது அடையாளம். ஆண் மட்டுமே என்ற விதி போனது. மண்டபத்தின் இசைக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. பழைய பாணி அவர் குரலில்தான் அழுத்தமாகக் கேட்டது. அந்த விதியைப் பழமை என்று காத்தவர்கள், எஃகுத் தந்தி வந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே நான் வேண்டுவது புனரமைப்பு அல்ல, சோதனை. ஒன்பதில் ஒரு மாலை, சௌக்கமாகப் பாடும் ஒருவருக்குக் குடல் தந்தி வயலின் துணை செய்யட்டும், ஒலிபெருக்கி இல்லாமல். மெட்டு பழையதா என்பதை அது நிறுவாது. குரலுக்கும் வில்லுக்கும் இடையிலான அளவு என்ன, பானைகள் எந்த ஒலியைத் தாங்குகின்றன என்பதை நேரில் கேட்கலாம். நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. நவராத்திரி பெரும்பாலும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வருகிறது. ஈரக்காற்றில் குடல் தந்தி நிலைகொள்ளாது. ஆலாபனைக்கு நடுவே பிருடையைத் திருக வேண்டிவரும். அதற்குக் கூச்சப்படாத வயலின்காரரைத்தான் முதலில் தேட வேண்டும்.