பழைய வீடும் புதிய காற்றும்

பழுதுற்ற பழைய வீடுகளை இடித்துத் தள்ளுவதா, சீர்திருத்தி வாழ்வதா என்னும் வினா, நம் நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்தது.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. வெளிச்சமும் காற்றும் புகாத நெரிசலான வீடுகளே நோய்க்கு உறைவிடம் எனக் கருதிய அரசாங்கத்தார், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஒன்றை நிறுவினர். பல குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதை அதே ஆண்டில் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சீமோன் கண்டறிந்தார். இருட்டறையும் குப்பையும் எலிக்குப் புகலிடம் என்பது உண்மையே. ஆயினும் வீடிழந்த ஏழைகள் எங்கே செல்வர்? அண்டைத் தெருக்களில் அடைந்தனர். அங்கே நெரிசல் மிகுந்தது.

1914-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் வேறு வழி காட்டினார். தாவரவியல் பேராசிரியரான அவர், 1886-இல் மணம் முடித்ததும் எடின்பரோவின் பாழடைந்த குடியிருப்பொன்றில் மனைவியுடன் குடியேறி, அயலாரோடு சேர்ந்து அதைச் சீர்திருத்தியவர். தேர்ந்த மருத்துவர் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து உடலைக் காப்பது போல, வாழத் தகாத சில வீடுகளை மட்டும் அகற்ற வேண்டும். அந்த இடத்தை மரநிழல் முற்றமாக்கினால் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒளியும் காற்றும் கிட்டும் என்பது அவர் கொள்கை.

பிளேக்கினால் வருந்திய இந்தூரில், அவர் ஒரு நாள் மகாராஜாவாக ஏற்கப்பட்டார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது. துப்புரவாகவும் செப்பனிட்டும் விளங்கும் வீடுகள் மிகுந்த தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊரே எழுந்தது! வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. நாள்தோறும் உழைத்தும் மதிப்புப் பெறாத துப்புரவுத் தொழிலாளர், வெள்ளாடை பூண்டு ஊர்வலத்தில் பெருமையுடன் நடந்தனர். இந்தூருக்கான அவரது விரிவான நகரமைப்பு அறிக்கை 1918-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

இன்று பிளேக்கைப் பற்றிய அச்சம் தணிந்துவிட்டது. ஆனால் அடுப்புப் புகையும், சுவரில் ஊறும் ஈரமும், மூடிய சாளரமும் இன்னும் பல இல்லங்களில் நோய் விளைக்கின்றன. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அடுப்பின்மேல் ஒரு புகைபோக்கி, எதிரெதிரே இரு சாளரங்கள் ஆகிய இவை பெருஞ்செலவில் அமைவன அல்ல. ஒரு தெருவையே இடிக்க முற்படுவோர், முதலில் இவற்றைச் செய்து பார்த்தோமா, அங்கு வாழ்வோர் எங்கே செல்வர் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.